ஐஸ் ரூம் மேடம்

எதையும் அவர் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேசைக் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக நின்றுபோனது. சொல்லியனுப்பினேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தார். அது சித்திரை மாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஒரு தொழிற்சாலை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் எங்களுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒருவர் ஸ்வெட்டரோடு வந்து நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்து, ஒன்றும் கேட்காமல், அதே புறங்கையை என் நெற்றியில் வைத்தார்.

“பொட்டி செவுத்தோட ஒட்டிகினு மூச்சுவுட முடியாம கெடந்துச்சு, அவ்ளோதான். இனிமே நிக்காது. உனுக்குத்தான் ஜொரம் கொதிக்குது. இன்னாமா நீ, இத்த வெச்சிகினு வேலிக்கி வந்துகீற?”

சேர்ந்த உடனே லீவு கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து வந்திருந்தேன். அதைச் சொல்ல அவர் எனக்கு நேரம் கொடுக்கவில்லை. நேராக எங்கள் செக்‌ஷன் தலைவரிடம் போய்ப் பேசி, கம்பெனி வேனில் என்னை மீஞ்சூருக்கு அனுப்பிவைத்துவிட்டார். வேன் கிளம்பும்போது ஓடிவந்து டிரைவரிடம், “ஜன்னல தெறந்து வெச்சிகினு போண்ணா, காத்து வரட்டும்” என்றார்.

அவருக்குப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொழிலாளிகளுக்கு அவர் ‘ஐஸ் ரூம் மேடம்’. எனக்கு அக்கா.

ஆபீஸ் கட்டடத்தின் கடைசியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதுதான் ஐஸ் ரூம். தொழிற்சாலை முழுக்க மாட்டியிருந்த கேமராக்கள் எடுக்கிற படம், எடைமேடையில் ஏறி இறங்கும் லாரிகளின் படம், லேபில் கம்பியை வளைத்தும் முறித்தும் சோதிக்கும்போது எடுக்கிற படம் எல்லாம் அந்த அறைக்குத்தான் வந்து சேரும். ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்பு அலமாரிகள். அவற்றில் தட்டுத்தட்டாகப் பெரிய ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் கனமான ஒரு புத்தகத்தின் அளவு இருக்கும். அறைக்குள் போனால் ஒரே இரைச்சல், தூரத்தில் மழை கொட்டுவது போல. இரண்டு ஏசியும் இரவு பகலாக ஓடும். பதினெட்டு டிகிரிக்கு மேலே ஏற்றக் கூடாது என்று எப்போதோ யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அந்தக் குளிரில் நாள் முழுக்க உட்கார்ந்து அவருக்குக் கால்விரல்கள் மரத்துப்போகும். காலில் கம்பளி உறை, உடம்பில் ஸ்வெட்டர், கழுத்தில் துப்பட்டா.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மின்சார ரயிலில் வருவோம். நான் மீஞ்சூரில் ஏறுவேன், அவர் பொன்னேரியில். ஒருநாள், அந்த டிஸ்க்குகளுக்கு ஏன் அவ்வளவு குளிர் என்று கேட்டேன்.

“உள்ள தட்டு கீதுமா, பளபளன்னு. அது சுத்திகினே இருக்கும். நீ எதனா எழுதினாலும் சுத்தும், எழுதாங்காட்டியும் சுத்தும். எழுதறது படிக்கறதுலாம் பெரிய செலவு இல்ல. சும்மா சுத்திகினு கீது பாரு, அதான் செலவு. குடிக்கிற கரண்ட்டு அம்புட்டும் கடைசீல சூடாத்தான் வெளிய வரும். ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. அலமாரி நெறைய வெச்சா அடுப்பு மேரி ஆயிடும். அந்தச் சூட்டத் தள்றதுக்கு ஏசி. அதுக்கு ஒரு கரண்ட்டு.”

“தள்ளுன சூடு என்னக்கா ஆகும்?”

“எங்கனா போவும்” என்றார். பிறகு கவரப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீன்பிடிக்கிற குடும்பம் அவருடையது. படித்தது பொன்னேரியில். கணவருக்கு அங்கேயே ஒரு தையல் கடை. ஒருமுறை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இறால் தொக்கும் சோறும் வைத்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தில், தண்ணீர் டம்ளரில், டிவியின் முதுகில் என்று வரிசையாகப் புறங்கையை வைத்துக்கொண்டே போனார் அக்கா. அவர் கணவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“கல்யாணத்துல ஐயர் மூட்டுன பொகையில எனுக்கு வேர்த்து ஊத்துதும்மா. தாலி கட்டலாம்னு குனியறேன், என் நெத்தில கைய வெச்சிப் பாக்கறா! மண்டபமே சிரிச்சிடுச்சி. ‘இன்னாமா, மாப்ள வேணாமா’ன்றாரு ஐயரு.”

“கொதிச்சிகினு இருந்துச்சு, வெச்சேன். இன்னா தப்பு?” என்றார் அக்கா.

உள்ளங்கையை ஏன் வைப்பதில்லை என்று அன்றைக்குக் கேட்டேன். சின்ன வயதில் அம்மாவோடு மீன் பெட்டிக்கு ஐஸ் அள்ளிப் போட்டுப் போட்டு உள்ளங்கை மரத்துவிட்டது, புறங்கைக்குத்தான் சூடு குளிர் தெரியும் என்றார். உண்மையாகச் சொன்னாரா, விளையாட்டுக்குச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். லேபில் ஒரு மூத்த அதிகாரி இருந்தார். கேட்காமல் நெற்றியைத் தொட்டதற்கு அவர் முகம் சுளித்து, “இதெல்லாம் எனக்குப் பிடிக்காதும்மா” என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு முகம் சிவந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவரை ஒரு நாளும் தொடவில்லை. ஆனால் அந்த அறை வழியாகப் போகும்போதெல்லாம் நின்று, அந்த அதிகாரியையும் அவருடைய கம்ப்யூட்டரையும் தூரத்திலிருந்தே மாறி மாறிப் பார்ப்பார். அதிகாரிக்கு அது தொட்டதைவிடத் தொந்தரவாக இருந்திருக்கும்.

நான் கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அக்காவும் அந்த வேலையை விட்டு, ஒரகடம் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. போன் நம்பர் மாறிவிட்டது. தேடினால் கிடைப்பார். தேட வேண்டும்.

அவரைப் பற்றி எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது அந்தச் சந்து விஷயம்.

ஐஸ் ரூமுக்குப் பின்னால், ஆபீஸ் சுவருக்கும் உலைக்கூடத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. உலையில் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் அங்கேதான் சாப்பிடுவார்கள். கேன்டீன் முன்வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், ரொம்பத் தூரம். கனத்த காலணியும் தடித்த சட்டையுமாக வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போய் வந்தால் சாப்பாட்டு நேரம் நடையிலேயே போய்விடும். சந்தில் நிழல் இருந்தது. அதே சுவரில்தான் ஐஸ் ரூம் ஏசிகளின் வெளிப்பெட்டிகள் இரண்டும் பொருத்தப்பட்டிருந்தன.

அக்கா அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே வந்ததில்லை. ஒருநாள் ஏசி ஒன்று சரியாகக் குளிரவில்லை. மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல் பார்த்துவிடலாம் என்று பின்னால் போனார். ஏசி வேலைக்கு ஆள் அழைக்கும் சீட்டில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். உலையில் வேலை பார்க்கும் தேசப்பன், வெளிப்பெட்டிக்கு நேர் எதிரே குந்தி, மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிறவர். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்புகள். பெட்டியிலிருந்து வந்த அனல் காற்றில் அவர் தலைமயிர் பறந்துகொண்டிருந்தது.

அக்கா அந்தக் காற்றின் குறுக்கே கையை நீட்டினார். எடுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார்.

“இன்னாண்ணா, இந்த அனல்லயா குந்திகினு சாப்புடுறீங்கோ?”

“உள்ள நிக்கிற நெருப்புக்கு இது குளுகுளுன்னு கீது மேடம்” என்றார் தேசப்பன்.

“இது எங்க ரூமு சூடுண்ணா.”

“யாரு ரூமு சூடா இருந்தா இன்னா மேடம். நெழலு கெடைக்குதுல்ல.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு வாய் சோறு எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அக்கா திரும்பி நடந்தார். அன்றைக்குச் சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்ததும் ஸ்வெட்டரைப் பைக்குள் திணித்தபடி சொன்னார்:

“நானு உள்ள வெறவெறன்னு நடுங்கிகினு குந்தினு கீறேன். அங்கருந்து எடுத்த சூட்ட அந்தாளு சோத்துல கொண்டுபோய்க் கொட்டிகினு கீறோம். இத்தினி வருசமா. எனுக்குத் தெரியவே இல்ல பாரேன்.”

மறுநாளே வெல்டரைப் பிடித்து, வெளிப்பெட்டிகளின் முன்னால் வளைத்த தகடு ஒன்றைப் பொருத்தி, காற்றை மேலே திருப்பிவிட்டார். கொஞ்சம் பரவாயில்லை என்றார்கள். ஆனால் கத்திரி வெயில் தொடங்கியதும் தகடும் பயன்படவில்லை. சுவரே கொதித்தது.

அந்த வெயிலில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்த தேசப்பன் அப்படியே சரிந்தார். டிபன் பாக்ஸ் உருண்டுபோன சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது அக்கா அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். நெற்றியில் கை வைத்து, கழுத்தில் வைத்து, அக்குளில் வைத்து, நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“வேர்வையே இல்ல. காஞ்சி போய் கொதிக்குது. தூக்குங்கோ. எங்க ரூமுக்கு.”

“மேடம், காலெல்லாம் இரும்புத் தூசு...” என்று ஒருவர் தயங்கினார்.

“தூக்குண்ணா!”

நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போய் அலமாரிகளுக்கு நடுவே தரையில் கிடத்தினார்கள். அக்கா அவருடைய தடித்த சட்டையைக் கழற்றச் சொன்னார். தன் துப்பட்டாவைக் குடிதண்ணீர் கேனில் முக்கி அவர் மார்பில் போட்டார். ஏசிகளை இன்னும் குறைத்தார். ஆட்கள் உள்ளே வருவதும் போவதுமாகக் கதவு திறந்தே கிடந்தது. அலமாரியில் ஏதோ ஒன்று சூடு ஏறிவிட்டதென்று ‘பீப் பீப்’ எனக் கத்தத் தொடங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் விதி என்றால் விதி.

“யாரைக் கேட்டு இத்தனை பேரை இங்க விட்டீங்க? அலாரம் கத்துது, காது கேக்கலையா?”

“சார், அவரு கழுத்துல கைய வெச்சிப் பாருங்க.”

“நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன...”

“வெச்சிப் பாருங்க சார்.”

மேனேஜர் குனிந்து தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் அலாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்கிற அவர் குரல் கேட்டது.

தேசப்பன் பிழைத்துக்கொண்டார். உடனே குளிரவைத்துக் கொண்டுவந்ததால்தான் என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆனாலும் மறுநாள் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, அவசரத்துக்குச் செய்தது சரி, இனி அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உலைக்கூடத்து இரும்புத் தூசு டிஸ்க் அறைக்குள் வருவது நல்லதில்லை என்பது அக்காவுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த சில வாரங்கள் அவர் வேறு யோசனையில் இருந்தார். எப்போது போனாலும் அலமாரியின் முன்னால் நின்று டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருப்பார். திரையில் ஒவ்வொன்றின் சூடும் எண்ணாக ஓடும். அதையும் பார்ப்பார், கையையும் வைப்பார். ஏசியை ஒரு டிகிரி ஏற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருப்பார். பிறகு இன்னொரு டிகிரி. ஒருநாள் அவர் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

“இதுங்களுக்கு இவ்ளோ குளிரு தேவையே இல்லமா. நம்மளவிட சூடு தாங்கும். பாதி டிஸ்க்குல இன்னா கீது தெரியுமா? பழைய லேபு படம். மாசத்துல ஒருதபா எவனாவது எடுத்துப் பார்த்தா அதிகம். அது எதுக்கு ராப்பகலா சுத்திகினு கெடக்கணும்? தேவப்படாதப்ப தூங்கவச்சிட்டா கரண்ட்டும் மிச்சம், சூடும் மிச்சம். ஒரு ஏசி போதும்.”

“இன்னொரு ஏசி?”

அவர் உலைக்கூடம் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பினார்.

உலைக்கூடத்தை ஒட்டி, உடைந்த சாமான்கள் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, ஒரு ஏசியை அங்கே மாட்டினால் உலையில் நிற்பவர்கள் இடையில் வந்து ஆறிவிட்டுப் போகலாம் என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் நெடுநேரம் யோசித்தார்.

“டிஸ்க் போச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

தேசப்பனின் கழுத்தைத் தொட்டது அவருக்கும் மறந்திருக்காது என்று நினைக்கிறேன். சரி என்றார்.

அந்தச் சின்ன அறை உலைக்கூடத்தையே மாற்றிவிட்டது. ஆள் மாற்றி ஆள் போய்க் கொஞ்ச நேரம் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு வருவார்கள். மோர் குடிப்பார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் போனில் பாட்டுப் போடுவார்கள். வேலைக்குத் திரும்பியிருந்த தேசப்பன் ரயில்வே ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தால் கடலை வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். அக்கா அந்தப் பொட்டலத்தையும் முதலில் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார்.

ஆடி மாதம் டிஸ்க் ஒன்று செத்துப்போயிற்று.

தூங்கவைத்திருந்த டிஸ்க்குகளில் ஒன்று. லேபில் யாரோ பழைய படம் கேட்டார்கள். அக்கா அதை எழுப்பப் பார்த்தார். டக் டக்கென்று உள்ளே தட்டும் சத்தம் வந்தது, அவ்வளவுதான். அதில் இருந்த சோதனைப் படங்களுக்கு வேறு பிரதி இல்லை. அந்த வாரம்தான் கம்பி வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள். அந்தப் படங்களைத்தான் கேட்பார்கள். லேபில் பழைய கம்பித் துண்டுகளைத் தேடியெடுத்துத் திரும்பவும் வளைத்து முறித்துப் படம் எடுக்கும் வேலை தொடங்கியது. முன்பு முகம் சுளித்த அந்த மூத்த அதிகாரிக்குத்தான் அதிகக் கோபம். “ஏசியைக் கழட்டிக் கொண்டுபோய் அங்க மாட்டினா இப்படித்தான் ஆகும்” என்று எல்லோர் காதிலும் விழுகிறமாதிரி சொன்னார்.

மேனேஜர் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அது பழைய டிஸ்க்தான? வயசாயிடுச்சி, போயிடுச்சின்னு சொல்லிடு. யாரால இல்லன்னு சொல்ல முடியும்?”

“பழசுதான்” என்றார். கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. நான் வெளியே நின்றிருந்தேன்.

“சூட்டாலதான் போச்சா?” என்று மேனேஜர் கேட்டார்.

“தெரியல சார்.”

“அப்படின்னா?”

“ஏசிய ஏத்துனதால போயிருக்கலாம். தூங்கவச்சி எழுப்புனதால போயிருக்கலாம், பழைய டிஸ்க்கு சிலது நின்னா திரும்ப சுத்தாது. வயசானதால தானாவும் போயிருக்கலாம். எதுன்னு எனுக்குத் தெரியல சார். தூங்கவைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு பிரதி எடுத்து வெச்சிருக்கணும். அது என் தப்பு.”

 பிறகு மேனேஜர், ஏசியைக் கழற்றி மறுபடி டிஸ்க் அறையிலேயே மாட்டச் சொன்னார்.

வெளியே வந்த அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. அன்றைக்கே எலக்ட்ரீஷியன் போய் ஏசியைக் கழற்றிக்கொண்டு வந்தார். உலைக்கூடத்து ஆட்கள் பழையபடி சந்தில் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா மத்தியானம் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய்த் தேசப்பன் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

“இன்னா மேடம் இது, எழுந்து போங்கோ. உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

“நெழலு கீதுல்லண்ணா” என்றார் அக்கா.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். அதைப் போராட்டம் என்று அவர் நினைத்துச் செய்தாரா என்று தெரியாது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே தனியாகக் குளிரில் உட்கார்ந்து சாப்பிட அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். திரும்பப் போடத் தொடங்கிய ஸ்வெட்டரைச் சந்துக்கு வந்ததும் கழற்றுவார், உள்ளே போகும்போது போட்டுக்கொள்வார். இந்தச் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி இருந்து அவருக்குச் சளி பிடித்தது. இருமிக்கொண்டே வேலைக்கு வந்தார். ஒருநாள் ரயிலில் நான் அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. “வுடு, வுடு” என்று தட்டிவிட்டார். மற்றவர்களுக்கு அவர் செய்ததைத் தனக்கு யாராவது செய்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆய்வுக்கு வந்தவர்கள் வந்து, புதிதாக எடுத்த படங்களைப் பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் மேனேஜர் தானே சந்துக்கு வந்தார். எல்லோரும் எழுந்தோம். அன்றைக்கு நானும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் வெளிப்பெட்டியின் அனலில் கொஞ்ச நேரம் நின்றார். அக்காவின் இருமலைக் கேட்டார்.

“உங்க ரூமுக்கு நிஜமாவே ஒரு ஏசி போதுமா?”

“போதும் சார். ஆனா போன மொற ஒரு டிஸ்க்கு...”

“அதை விடுங்க. பிரதி எடுத்து வெச்சுட்டீங்களா?”

“எல்லாத்துக்கும் எடுத்தாச்சு சார்.”

“ஏசியை எங்கேயும் கொண்டுபோக வேணாம். மாட்டின இடத்துலயே இருக்கட்டும். ரூமை நடுவுல கண்ணாடி வெச்சுத் தடுத்துடலாம். அந்தப் பக்கம் டிஸ்க். இந்தப் பக்கம் இவங்க. சந்து வழியா ஒரு கதவு போட்டுக்கலாம். தூசு உங்க பக்கம் வராது.”

அக்காவுக்கு இது தோன்றவே இல்லை. வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரியா வருமா, சொல்லுங்க” என்று மேனேஜர் கேட்டதும், “வரும் சார், நல்லா வரும் சார்” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மேனேஜர் போன பிறகு என்னைப் பார்த்து, “இத்த நான் யோசிக்கல பாரு! டிஸ்க்க இங்க வெச்சிகினே ஏசிய மட்டும் தூக்கினு ஓடிகினு இருந்தேன்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆபீஸ் பக்கம் பழைய கதவு, சந்துப் பக்கம் சுவரை உடைத்துப் புதுக் கதவு. நடுவில் கண்ணாடித் தடுப்பு. புது அறை திறந்த அன்றைக்கு, உலைக்கூடத்து ஆட்கள் காலணிகளைச் சந்திலேயே கழற்றிவைத்துவிட்டு, கோயிலுக்குள் வருவது போல ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலமாரிகளில் பச்சைப் புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தன. தேசப்பன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

“இதுக்குள்ளாற நாங்களும் கீறோமா மேடம்?”

“கீறீங்கோ. உலைக்கு மேல கேமரா கீதே.”

“காட்டேன் மேடம். எம் பொண்ணு கேட்டுகினே கீது. ‘நைனா, நீ இன்னா வேல பாக்கற, போட்டோ அனுப்பு’ன்னு. ஆந்திராவுல நர்சிங் படிக்குது. நான் வேல செய்யற எடத்த அது பாத்ததே இல்ல.”

அக்கா தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், அன்றைக்குக் காலையில் பதிவானதை எடுத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கேமரா உயரத்தில் இருந்ததால் மனிதர்கள் கட்டைவிரல் அளவில்தான் தெரிந்தார்கள். உலையின் வாய் திறந்தது. திரை முழுவதும் வெள்ளையாக எரிந்தது. அந்த வெள்ளைக்கு எதிரே கறுப்பாகச் சின்னதாக ஒருவர் நீளக் கம்பியோடு போனார். பொறிகள் அவர்மேல் கொட்டின. பின்வாங்கினார். மறுபடி போனார்.

எல்லோரும் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றார்கள். தினமும் அதே வேலையைச் செய்கிறவர்கள்தான். ஆனால் வெளியே நின்று அதை அவர்கள் பார்த்ததில்லை.

“அது நானா?” என்றார் தேசப்பன்.

“ஆமாண்ணா. இத்த உங்க போனுக்கு அனுப்பட்டா?”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். உலை மறுபடி திறந்தது.

“வேணாம் மேடம்” என்றார். “இத்தப் பாத்தா எம் பொண்ணு படிப்ப வுட்டுட்டு வந்துரும்.”

அக்கா திரையை அணைத்தார். ஆபீஸ் பக்கக் கதவால் வெளியே போய், சுற்றிக்கொண்டு சந்துக் கதவு வழியாக எங்களிடம் வந்தார். ஏசிக்குக் கீழே இருந்த நாற்காலியில் தேசப்பனை உட்காரச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை நேராக மடித்துப் போட்டார். கையில் டீ டம்ளரைக் கொடுத்தார். “சிரிண்ணா” என்று சொல்லிப் போனில் ஒரு படம் எடுத்தார். பின்னால் கண்ணாடி, பச்சை விளக்குகள், சுத்தமான வெள்ளைச் சுவர். பார்க்க ஏதோ பெரிய ஆபீஸ் போல இருந்தது. அதைத் தேசப்பனின் போனுக்கு அனுப்ப, அவர் அதை மகளுக்கு அனுப்பினார்.

டீ குடித்து முடிப்பதற்குள் மகளிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. தேசப்பனுக்குக் காதில் வைத்துக் கேட்கத் தெரியவில்லை. அறை முழுக்கக் கேட்டது.

“நைனா! உனுக்கு ஏசி ரூம்லயா வேல? சொல்லவே இல்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். ஒடிசாப் பையன்கள்கூடப் புரிந்த மாதிரி சிரித்தார்கள். தேசப்பன் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

“ஆமான்னு சொல்லுண்ணா” என்றார் அக்கா.